படகு மெத்தைக்கு எந்தப் பஞ்சு?

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். கிழக்கே தூத்துக்குடிக் கடல் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும், சிறிய பாய்மரப் படகு ஒன்றின் உள்ளறை மெத்தைகளை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு உதவும் பொருள்கள் பல, இவ்வட்டாரத்து மாணவர்களுக்குச் சிறு வயது முதலே பழக்கமானவை. சுற்றிலும் உள்ள கரிசல் நிலம் பருத்திக்குப் பேர்போனது. தென்காசிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் தேங்காய் நார் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவார ஊர்களில் இலவ மரங்களைப் பார்க்கிறோம். இவற்றின் பஞ்சையும் நாரையும் அடைத்தே நம் முன்னோர் மெத்தையும் தலையணையும் தைத்தனர். இப்போது கடைத்தெருவில் நான்காவது பொருளாகச் செயற்கை நுரையும் வந்துவிட்டது.

இந்த நான்கில் படகுக்கு ஏற்றது எது? வீட்டில் நன்றாக உழைக்கும் மெத்தை படகில் சில மாதங்களிலேயே நாற்றமெடுத்துக் கெட்டுப்போவது ஏன்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், நாம் தினமும் தலைவைத்துப் படுக்கும் பொருளின் விஞ்ஞானம் முழுவதும் விளங்கிவிடும்.

படகுக்குள் மெத்தை எதற்கு?

கட்டுமரத்தில் மெத்தைக்கு இடமில்லை. தூத்துக்குடித் தோணிகளில் சென்ற மாலுமிகளுக்குப் பாயே படுக்கை. ஆனால் பல நாள், பல மாதம் கடலில் செல்லும் சிறு பாய்மரப் படகுகளில் ஒரு சிற்றறை உண்டு. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' அத்தகைய படகு. கோவாவில் கட்டப்பட்ட இதன் நீளம் 17 மீட்டர்தான். வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று இதில் புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு, 2018 மே 21 அன்று கோவா திரும்பினர். பின்னர் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை தில்னா, ரூபா என்னும் இரு அதிகாரிகள் மட்டும் இதே படகில் உலகைச் சுற்றி வந்தனர். இவர்களுள் ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர்.

மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும் படகில் உறக்கம் கெட்டால் கவனம் கெடும். கவனம் கெட்டால் உயிருக்கே ஆபத்து. சிறு படகுகளில் இடம் குறைவு. ஆகையால் பகலில் இருக்கையாக இருப்பதே இரவில் படுக்கையாகிறது. மெத்தையைத் தூக்கினால் அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கும். நனைந்த உடையுடன் உள்ளே வருபவர் உட்காருவதும் அதே மெத்தையில்தான். ஆக, படகு மெத்தைக்கு ஓய்வே கிடையாது. அது ஈரத்தோடு எந்நேரமும் போராடிக்கொண்டிருக்கிறது.

மெத்தை என்பது காற்று

அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பலகையில் உட்காருகிறார். இடுப்பெலும்பின் இரு முனைகளைச் சுற்றியுள்ள சிறு பகுதியே பலகையைத் தொடுகிறது. அது 150 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 400 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். மெத்தையில் உட்கார்ந்தால் உடல் சற்றே அமிழ்ந்து, தொடும் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டராகப் பெருகுகிறது என்போம். பாரம் 50 கிராமாகக் குறைந்துவிடும். தோலில் உள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இந்த அளவு அழுத்தத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் நெடுநேரம் அழுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து வலி தோன்றுகிறது. எடையைக் குறைக்க மெத்தையால் முடியாது. அதைப் பரப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மெத்தை அமுங்கவும் வேண்டும். விட்டதும் பழையபடி எழவும் வேண்டும். இழைகளும் நுரைச் சுவர்களும் வளைந்து கொடுத்து எழுகின்றன. அவற்றினிடையே உள்ள காற்று வெளியேறித் திரும்புகிறது. மெத்தையின் பெரும் பகுதி காற்றே. எந்தப் பொருளை அடைக்கலாம் என்ற கேள்விக்கு, அந்தக் காற்றை எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம் என்பதே பொருள். காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நுரை மெத்தையின் கணக்கு

கடைகளில் விற்கும் செயற்கை நுரை பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937-இல் இதன் வேதியியலைக் கண்டனர். மெத்தைக்கு உதவும் மென்மையான நுரை 1950-களில் சந்தைக்கு வந்தது. இதில் உள்ள குமிழ்கள் ஒன்றோடொன்று திறந்த ஜன்னல்களால் இணைந்தவை. அதனால்தான் காற்று எளிதில் வந்துபோகிறது, மெத்தை மெத்தென்றிருக்கிறது.

படகு மெத்தை ஒன்றின் நீளம் 190 சென்டிமீட்டர், அகலம் 60, கனம் 10 என்று கொள்வோம். கன அளவு 114 லிட்டர். கடைக்காரர் '32 டென்சிட்டி' என்று சொல்லும் நுரையில் ஒரு கன மீட்டரின் எடை 32 கிலோகிராம். எனவே நம் மெத்தையின் எடை நான்கு கிலோகிராமுக்கும் குறைவு. நுரையின் சுவர்ப் பொருள் தண்ணீரைவிடச் சற்றே அடர்ந்தது. ஆகையால் சுவர்கள் அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் மூன்று சதவீதமே. மீதி 97 சதவீதமும் காற்று.

இம்மெத்தை முழுக்கத் தண்ணீரில் ஊறினால் 110 லிட்டர் நீரைக் குடித்துவிடும். ஒரு குழந்தை தூக்கிச் செல்லக்கூடிய மெத்தையை இரண்டு ஆட்கள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு ஊறினாலும் 11 லிட்டர். ஏறத்தாழ ஒரு வாளித் தண்ணீர். சிறு படகில் நான்கு மெத்தைகள் இவ்வாறு நனைந்தால், அழையாத விருந்தாளி ஒருவர் படகில் ஏறிப் படுத்துக்கொண்டதற்குச் சமம்!

மூடிய குமிழ்கள் கொண்ட நுரையும் உண்டு. பாலித்தீன் நுரை அவ்வகை. ஒவ்வொரு குமிழும் தனித்தனிச் சிமிழ் போல் அடைபட்டிருப்பதால் தண்ணீர் நுழையாது. ஆனால் காற்றும் வெளியேறாது. ஆகவே அது விறைப்பாக இருக்கும், முதுகு வியர்க்கும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. திறந்த நுரையின் ஜன்னல்களில் மிச்சமிருக்கும் மெல்லிய சவ்வுகளை நீக்கிவிட்டுச் சட்டங்களை மட்டும் நிறுத்துகிறார்கள். இந்தச் சல்லடை நுரையில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. மழையில் நனையும் மேல்தள இருக்கைகளுக்கு இதுவே ஏற்றது. விலைதான் அதிகம்.

உப்பு செய்யும் வேலை

நனைந்த மெத்தையை வெயிலில் போட்டால் காய்ந்துவிடாதா? சங்கரன்கோவில் மொட்டை மாடியில் காய்ந்துவிடும். கடல் நீரில் நனைந்தது கடற்கரையில் காயாது. காய்ந்தது போல் தோன்றினாலும் இரவில் மறுபடி ஈரமாகிவிடும்.

காரணம் உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. மெத்தை குடித்த 11 லிட்டர் நீர் ஆவியாகிப் போனாலும், 380 கிராமுக்கு மேற்பட்ட உப்பு உள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நீர் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத அளவிலேயே நீரை ஈர்க்கும். கடலோரக் காற்றின் ஈரப்பதம் அதற்கு மிகவும் மேலேயே இருப்பதால், உப்பேறிய மெத்தை ஓயாமல் காற்றிலிருந்து நீர் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும், துணி மக்கும், நாற்றம் பிறக்கும்.

பரிகாரம் எளியது. கடல் நீரில் நனைந்த மெத்தையை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உப்பை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே வெயிலில் போட வேண்டும். நனைந்த பொருளை மேலும் நனைத்தால்தான் காயும் என்பது விந்தையாகத் தோன்றினாலும், அதுவே உண்மை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு துணித் துண்டுகளை எடுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை நன்கு உப்புக் கரைத்த நீரிலும் நனைத்துப் பிழிந்து, பகலெல்லாம் வெயிலில் உலர்த்துங்கள். ஐப்பசி அல்லது கார்த்திகை மழை நாளின் இரவில் இரண்டையும் வெளியே தொங்கவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள்.

இலவம் பஞ்சின் இரகசியம்

இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது பஞ்சு. கிளிக்கு ஏமாற்றம், கடலோடிக்கோ அதுவே பெரும் பரிசாயிற்று!

இலவ மரங்களில் செந்நிறப் பூப் பூக்கும் முள்ளிலவு ஒன்று. மெத்தைப் பஞ்சுக்காக மிகுதியாக வளர்க்கப்படும் வெள்ளிலவு மற்றொன்று. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சு வணிகத்துக்குப் பெயர் பெற்றது. வெள்ளிலவின் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய சுவருள்ள குழாயாகத் தெரியும். அதன் கன அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் காற்று. வெளிப்புறத்தில் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது. தாமரை இலைமேல் விழுந்தது போல் நீர்த்துளி இதன்மேல் உருண்டு நிற்கும், குழாய்க்குள் புகாது.

பருத்தி இழையும் தொடக்கத்தில் குழாய்தான். ஆனால் காய் வெடித்து உலரும்போது குழாய் சப்பிப் போய், முறுக்கிய நாடா போலாகிவிடுகிறது. இந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, நூல் நூற்க முடிகிறது. சங்கரன்கோவிலின் தறிகளில் ஓடும் பருத்தி நூல் இந்த முறுக்கின் கொடை. இலவ இழை வழவழப்பானது, உருண்டையானது, ஒன்றையொன்று பற்றாது. ஆகவே இலவம் பஞ்சு தறிக்குப் போகாமல் தலையணைக்குப் போயிற்று.

இரண்டையும் ஒப்பிட ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு சிட்டிகை போடுங்கள். மெழுகு நீக்கப்பட்ட பருத்தியாதலால் அது உடனே நனைந்து அமிழும். இலவம் பஞ்சில் ஒரு சிட்டிகை போடுங்கள். அமுக்கிவிட்டாலும் மேலே வரும். இப்போது தண்ணீரில் சிறிது சோப்பைக் கரையுங்கள். நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, இலவமும் நனையத் தொடங்கும். மற்றொரு சிட்டிகையைத் தேங்காய் எண்ணெயில் போட்டால் மளமளவென்று உறிஞ்சிவிடும். தண்ணீரை வெறுக்கும் மெழுகு எண்ணெயை விரும்பி ஏற்கிறது.

எருக்கம் பஞ்சும் உலகப் போரும்

இலவம் பஞ்சு தன் எடையைப் போல் 20 முதல் 30 மடங்கு பாரத்தை நீரில் மிதக்க வைக்கும். மனித உடலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால், ஒருவருடைய முகத்தை நீருக்கு மேல் நிறுத்த ஏழு கிலோகிராம் அளவு மிதப்பு விசை கிடைத்தாலே பெரிதும் உதவும். 25 மடங்கு என்று கணக்கிட்டால், கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பஞ்சு போதும்! 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயணிகள் அணிந்தவை கனத்த தக்கை மிதவைகள். அக்காலத்திலேயே அவற்றின் இடத்தை இலகுவான இலவம் பஞ்சு மேலங்கிகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

உலகச் சந்தைக்கு இலவம் பஞ்சு பெரும்பாலும் ஜாவாத் தீவிலிருந்து சென்றது. 1942-இல் ஜப்பான் அத்தீவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. கடலில் விழும் மாலுமிகளைக் காக்க மாற்றுப் பஞ்சு தேவைப்பட்டது. வயல் வரப்புகளில் களையாக வளரும் ஒரு செடி கைகொடுத்தது. அது நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதைகளில் உள்ள பட்டுப் போன்ற இழையும் மெழுகு பூசிய குழாயே. 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் சாக்குச் சாக்காக அக்காய்களைப் பறித்துக் கொடுத்தார்கள். மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கி நகரத் தொழிற்சாலையில் அவற்றிலிருந்து பஞ்சு பிரிக்கப்பட்டது. நம் ஊர்ப் புறம்போக்கில் காற்றில் பறக்கும் எருக்கம் பஞ்சும் இந்தக் குணம் உடையதே.

மெத்தை வேறு, மிதவை வேறு

அப்படியானால், படகு மெத்தையில் இலவத்தை அடைத்துவிட்டால் ஆபத்து நேரத்தில் அதையே மிதவையாகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. இலவ இழையின் சுவர் மிக மெல்லியது. நாள்தோறும் உட்கார உட்கார, குழாய்கள் நசுங்கி உடைகின்றன. உள்ளிருந்த காற்று போய்விடுகிறது. பார்வைக்கு மெத்தை அப்படியே இருக்கும், மிதப்போ குறைந்திருக்கும். இயந்திர எண்ணெய் கசிந்து பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதனால்தான், இலவம் பஞ்சு அடைத்த மிதவை அங்கிகளை இருக்கையாகவோ தலையணையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார்கள். இப்போது மிதவை அங்கிகளில் பெரும்பாலும் மூடிய நுரையே வைக்கப்படுகிறது. அவற்றின் மேலும் உட்காராமலிருப்பதே நல்லது. உயிர் காக்கும் பொருளை அதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

மெத்தையாக மட்டும் பார்த்தாலும் இலவத்துக்கு ஒரு குறை உண்டு. நீர்த்துளியை ஏற்காவிட்டாலும் காற்றிலுள்ள ஈர ஆவியை அது ஓரளவு ஏற்கும். நாளடைவில் திரண்டு கட்டியாகும். வீட்டில் அடிக்கடி வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்கலாம். படகில் அது இயலாது. தேங்காய் நாரோ உப்புக்கு அஞ்சாது. உப்பங்கழியில் ஊறவைத்துப் பிரிக்கும் நாரும் உண்டல்லவா? ரப்பர் பால் தெளித்து இறுக்கிய நார்ப் பலகை காற்றோட்டம் உள்ளது; ஆனால் உறுத்தும். ஆகவே அடியில் நார், மேலே நுரை என இரண்டடுக்காக வைப்பது ஒரு நல்ல வழி.

மாற்றும் முறை

இனி வேலையைப் பார்ப்போம். முதலில், பழைய மெத்தையை அளவாகக் கொள்ளாதீர்கள். அது சுருங்கியும் நெளிந்தும் இருக்கும். மெத்தை கிடக்கும் பலகையின் மேல் செய்தித்தாள்களை ஒட்டிப் பரப்பி, விளிம்பை வரைந்து வெட்டுங்கள். தாளில் எது மேற்புறம், எது படகின் முன்புறம் என்று எழுதி வையுங்கள். படகின் சுவர் மேல்நோக்கி விரிந்து செல்வதால், மெத்தையின் மேற்பரப்பு அடிப்பரப்பைவிட அகலமாக இருக்கும். ஆகவே இரண்டு மட்டங்களில் அளக்க வேண்டும்.

நுரை வாங்கும்போது அடர்த்தியையும் விறைப்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அடர்த்தி என்பது கன மீட்டருக்கு எத்தனை கிலோகிராம் பொருள் என்பது. அது உழைப்பைக் காட்டும். விறைப்பு என்பது எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்பது. அடர்த்தி மிகுந்த நுரை மென்மையாகவும் இருக்கக்கூடும். மலிவான, அடர்த்தி குறைந்த நுரையின் சுவர்கள் விரைவில் முறிந்து மெத்தை பள்ளம் விழும். படகுக்கு 32 முதல் 40 வரை அடர்த்தியும், 10 சென்டிமீட்டர் கனமும் பொருத்தம். உட்காரும்போது அடிப்பலகை உறுத்தினால் விறைப்பு போதாது என்று அறியலாம்.

நுரையை உறையைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டினால் துணி சுருக்கமின்றி இறுகி நிற்கும். தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் மக்கும். பாலியெஸ்டர் நூல் நல்லது. ஜிப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்; உலோகம் உப்பில் அரித்துப்போகும். உறையின் அடிப்புறத்தில் வலைத்துணி வைத்துத் தைத்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும்.

அடிப்புறம் முக்கியம். உறங்கும் மனிதனின் தோலும் மூச்சும் ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. அதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்குகிறது. குளிர் நாடுகளில் படகின் அடித்தட்டு சில்லிட்டிருப்பதால் அந்த ஆவி மெத்தையின் அடியில் பனி போல் நீராகிறது. நம் கடல் வெதுவெதுப்பானது. அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் காற்றோட்டமில்லாத இடத்தில் ஈரம் தேங்கவே செய்யும். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்துவிட்டால் காற்று புகும். நம் கயிற்றுக் கட்டில் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். பகலில் மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பதும் பயன் தரும்.

கடைசியாக, தீ. பாலியூரித்தேன் நுரை பற்றிக்கொண்டால் வேகமாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். இரண்டும் கொடிய நச்சு வாயுக்கள். சிற்றறையில் அடுப்பும் படுக்கையும் அருகருகே இருந்தால் ஆபத்து மிகுதி. தீயைத் தாமதப்படுத்தும் வகை நுரையைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் எரியாத பொருளன்று. தப்பிக்கச் சிறிது நேரம் தரும், அவ்வளவே. இலவமும் எளிதில் பற்றும் பொருளே. வீட்டு மெத்தைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பீடியும் கொசுவர்த்திச் சுருளும் படுக்கையை நெருங்கக் கூடாது.

ஆக, படகின் உள்ளறைக்கு அடர்ந்த திறந்த நுரை. மழைபடும் இருக்கைக்குச் சல்லடை நுரை. உயிர் காக்கும் அங்கிக்கு மூடிய நுரை. அடித்தட்டுக்குத் தேங்காய் நார். உலர்ந்த ஊரின் வீட்டுத் திண்ணைக்கும் கட்டிலுக்கும் இலவம். காற்றை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிடித்து வைக்கிறது. எந்த இடத்தில் எந்த ஈரம் வரும் என்று முதலில் கேட்டுக்கொண்டால், எந்தப் பஞ்சு வேண்டும் என்பது தானே விளங்கும்.